வீட்டு மீற்றரும் அலுவலகக் கணக்கும்: வன்னியிலிருந்து வேலை செய்வோர் தம் செலவைக் கேட்டுப் பெறும் முறை

கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்காகக் கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள எங்கள் வீட்டிலிருந்து கணக்கு வேலை செய்யத் தொடங்கிய இரண்டாவது மாதம், அம்மா மின்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்ட முதற்கேள்வி, "தம்பி, மீற்றர் பழுதாப் போச்சோ?" என்பதுதான். மீற்றர் சரியாகவே ஓடியது. காலை 8.30 மணியிலிருந்து மாலை 5 மணிவரை அலுவலகத்தில் எரிந்திருக்க வேண்டிய மின்சாரம் எங்கள் வீட்டில் எரிந்திருந்தது. அந்தப் பணத்தை அப்பா கட்டியிருந்தார்.

அந்தப் பட்டியலை இணைத்து நிறுவனத்துக்கு நான் எழுதிய முதற்கடிதத்தில், மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் மாதம் ஏதாவது ஒரு தொகை தந்துதவுமாறு மட்டுமே கேட்டிருந்தேன். எவ்வளவு, எதற்காக, அந்தத் தொகை எப்படி வந்தது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. ஆறு மாதங்களின் பின்னர், அளந்து எழுதிய இரண்டாவது கடிதத்துக்கு இணையச் செலவு முழுவதும் மின்சாரச் செலவில் பெரும்பகுதியும் கிடைத்தன. இரண்டு கடிதங்களுக்கும் இடையில் நான் கற்றுக்கொண்டவற்றை, பரந்தனிலும் விசுவமடுவிலும் புதுக்குடியிருப்பிலும் மாங்குளத்திலும் நெடுங்கேணியிலும் இருந்து இன்று மென்பொருள், கணக்கு, தரவுப் பதிவு, வாடிக்கையாளர் சேவை என்று வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

எந்த நிலத்தில் நின்று கேட்கிறோம்

வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியரின் மின்சாரத்தையும் இணையத்தையும் தொழில்தருநர் கட்டியே ஆகவேண்டும் என்று தனியாகச் சொல்லும் பிரிவு எதுவும் நம் நாட்டுத் தொழிற்சட்டங்களில் இல்லை. அலுவலக ஊழியர்களுக்குரிய 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 45 மணிநேரம் என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. ஆனால் அலுவலகம் என்றால் ஒரு கட்டடம் என்றே எல்லோரும் எண்ணிய காலத்தில் அது எழுதப்பட்டது. ஆகவே, நாம் கேட்பது உடன்பாட்டின் மூலம் பெறவேண்டிய ஒன்று. நியமனக் கடிதத்திலோ பின்னர் வந்த மின்னஞ்சலிலோ நிறுவனம் எழுத்தில் ஏற்றுக்கொண்டதே நம் கைப்பிடி. வாய்ப்பேச்சில் ஒரு முகாமையாளர் ஒத்துக்கொண்டது, அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அவரோடேயே போய்விடும்.

சட்டம் இல்லையென்பதால் கோரிக்கைக்கு நியாயம் இல்லையென்று ஆகிவிடாது. சர்வதேச தொழில் தாபனம் 1996 இல் வீட்டிலிருந்து செய்யும் வேலை பற்றிய 177 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியபோது, அதனுடன் வெளியிட்ட 184 ஆம் இலக்கப் பரிந்துரையில், மின்சாரம், நீர், தொடர்பாடல், கருவிகளின் பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு வீட்டுத் தொழிலாளிக்கு ஈடுசெய்யப்பட வேண்டும் என்று தெளிவாக எழுதியது. இலங்கை அந்தச் சமவாயத்தை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆயினும், உலகம் இதை நியாயமான செலவாகக் கருதுகிறது என்று காட்ட அந்தப் பரிந்துரை உதவும்.

புலம்பெயர்ந்த நம்மவர் இலண்டனிலும் மெல்பேர்னிலும் நடத்தும் நிறுவனங்களுக்கு வேலை செய்வோர் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. பிரித்தானியாவில், வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியருக்கு வாரம் 6 பவுண் வரை பற்றுச்சீட்டு எதுவும் கேளாமல் வரியின்றித் தொழில்தருநர் கொடுக்க 2020 ஏப்பிரலிலிருந்து இடமுண்டு. ஸ்பெயினில் 2021 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் செலவைத் தொழில்தருநர் மீதே சுமத்துகிறது. ஜேர்மனியிலும் அவுஸ்திரேலியாவிலும் ஊழியரே தம் வருமான வரிக் கணக்கில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளலாம். இந்த விதிகள் அந்தந்த நாட்டு ஊழியருக்கு உரியவை. விசுவமடுவில் இருப்பவருக்கு அவை நேரடியாகப் பொருந்தா. ஆனால் இலண்டனிலுள்ள முதலாளிக்கு அந்த 6 பவுண் பழக்கமான விடயம். அங்குள்ள சக ஊழியருக்குக் கொடுப்பதில் ஒரு பங்கையாவது இங்குள்ளவருக்கும் கொடுக்கலாம் என்று மரியாதையாக நினைவூட்டுவதில் தவறில்லை.

மின்சாரத்தை அளப்பது

பலரும் பிழை விடும் இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஒரு தாளை எடுத்து, வேலைக்காக ஓடும் பொருள்களையும் அவை இழுக்கும் வாட் அளவையும் எழுதுங்கள். மடிக்கணினியின் மின்னேற்றியில் 65 வாட் என்று அச்சிட்டிருந்தால் அது உச்ச அளவு; சாதாரண வேலையில் அதைவிடக் குறைவாகவே இழுக்கும், ஆகையால் 50 என்று வையுங்கள். மின்விசிறிக்கு 70, கூடுதலாக ஒரு திரை இருந்தால் அதற்கு 20, ரவுட்டருக்கு 10. மொத்தம் 150 வாட். இதை 8 மணிநேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் நாளுக்கு 1.2 அலகு வரும். மாதத்தில் 22 வேலை நாள்கள் என்றால் 26.4 அலகு.

இந்த 26 அலகை ஓர் அலகின் விலையால் பெருக்கி அதையே செலவென்று எழுதிவிடாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் செய்யப் பார்த்தேன். நம் வீட்டு மின்கட்டணம் படிமுறையாக ஏறுவது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு விலைப்பட்டியல். 60ஐத் தாண்டிய வீட்டுக்கு வேறொன்று, அதில் முதல் 60 அலகுக்கும்கூடக் கூடிய விலை. அதன் பின்னர் 90, 120, 180 என்ற எல்லைகளில் அலகின் விலையும் மாதாந்த நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும்.

கணக்குப் புரிவதற்காகச் சில உருண்டை எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கில் உங்கள் பட்டியலிலுள்ள விலைகளையே போட வேண்டும். 60க்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 அலகு 5 ரூபா வீதம், அடுத்த 30 அலகு 8 ரூபா வீதம், நிலையான கட்டணம் 200 ரூபா என்போம். 60ஐத் தாண்டினால் முதல் 60 அலகும் 12 ரூபா வீதம், அடுத்த 30 அலகு 18 ரூபா வீதம், நிலையான கட்டணம் 400 ரூபா என்போம். வேலைக்கு முன்னர் 50 அலகு எரித்த வீடு 150, 160, 200 என்று கூட்டி 510 ரூபா கட்டியிருக்கும். 26 அலகு கூடி 76 ஆனதும் அதே வீடு 720, 288, 400 என்று கூட்டி 1,408 ரூபா கட்டும். வேறுபாடு 898 ரூபா. அலகுக்கு 8 ரூபா என்று நேராகப் பெருக்கியிருந்தால் 208 ரூபாதான் கேட்டிருப்போம். மீதி 690 ரூபாவை வீடு மாதாமாதம் பேசாமல் சுமந்திருக்கும்.

இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போர் முடியும்வரை நாட்டின் மின்வலையமைப்பே எட்டாமல், குப்பி விளக்கில் பிள்ளைகளைப் படிக்கவைத்த தலைமுறை வன்னியில் இன்னும் வீடுகளை நடத்திக்கொண்டிருக்கிறது. ஆள் இல்லாத அறையில் ஒரு விளக்கு எரிந்தால் அம்மா எழுந்துபோய் அணைப்பார். அப்படிச் சிக்கனமாக 50 அலகோடு நிற்கும் வீடு, பிள்ளையின் வேலையால் ஒரே மாதத்தில் மேற்படிக்குத் தள்ளப்படுகிறது. ஏற்கெனவே 130 அலகு எரிக்கும் நகரத்து வீட்டுக்கு இந்த 26 அலகு அதே படிக்குள் அடங்கிவிடும். விலை கூடுதலானாலும் படி மாறாது. நிறுவனம் எல்லோருக்கும் ஒரே கணக்கைப் போடும்போது இந்த வித்தியாசம் அதன் கண்ணில் படாது. நாம்தான் காட்ட வேண்டும்.

ஆகவே செலவு என்பது இரண்டு பட்டியல்களின் வேறுபாடு. வேலை தொடங்குவதற்கு முந்திய மாதத்துப் பட்டியலையும் தொடங்கிய பின் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு பட்டியலும் எத்தனை நாளுக்குரியது என்று பாருங்கள். 27 நாள் பட்டியலையும் 34 நாள் பட்டியலையும் அப்படியே ஒப்பிடக்கூடாது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மோட்டர் அதே மீற்றரில் ஓடும் வீடென்றால் ஆடி, ஆவணி மாதங்களை விட்டுவிடுங்கள். அந்த மாதங்களில் கூடுவது கிணற்றின் கணக்கு. அதை நிறுவனத்திடம் கேட்பது முறையல்ல. ஐயம் இருந்தால் இரண்டு வாரங்களுக்கு, காலையில் வேலை தொடங்கும்போதும் மாலையில் முடிக்கும்போதும் மீற்றரிலுள்ள எண்ணைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவையுங்கள். ஞாயிறன்றும் போயா நாளன்றும் அதே நேரங்களில் எடுங்கள். வேலை நாளுக்கும் ஓய்வு நாளுக்கும் இடையிலான வித்தியாசம் உங்கள் தாள்க் கணக்கோடு ஏறத்தாழ ஒத்துவந்தால், அந்தக் கணக்கை யாரும் தட்டிவிட முடியாது.

நேர்மையாகக் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுங்கள். மத்தியானத்தில் அப்பாவும் அதே மின்விசிறியின் கீழ்ப் படுத்திருந்தால் அது அவருக்கும்தான் சுற்றுகிறது. தம்பி படிப்பதற்காக ரவுட்டர் எப்படியும் நாள் முழுவதும் ஓடும் வீட்டில், அதன் 10 வாட்டைச் சேர்க்காதீர்கள். கழித்ததையும் கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். வாசிப்பவருக்கு மற்ற எண்களின் மேல் நம்பிக்கை வரும்.

இணையம், இரண்டாவது சிம், மின்வெட்டு

இணையச் செலவு அளப்பதற்கு இலகுவானது; ஆதாரம் காட்டுவதற்குத்தான் கடினமானது. இணைப்பை வேலைக்காகவே எடுத்திருந்தால் முழுத் தொகையையும் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் இணைப்பென்றால், வேலைக்காகக் கூடிய பொதிக்கு மாறியதால் ஏற்பட்ட வேறுபாட்டைக் கேளுங்கள். பொதியில் எழுதியிருக்கும் ஜிபி எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்: பல பொதிகளில் அதில் ஒரு பங்கு நள்ளிரவுக்குப் பின்னரே பயன்படும். பகலில் வேலை செய்பவருக்கு அது இல்லாததற்குச் சமம். ஒரு மணிநேரக் காணொளிக் கூட்டமே அரை ஜிபிக்கு மேல் இழுத்துவிடும் என்பதால், நாளுக்கு எத்தனை கூட்டம் என்பதைக் கணக்கில் எழுதினால் பெரிய பொதியின் தேவை தானாகவே விளங்கும்.

ஒரு வலையமைப்பின் கோபுரம் ஊருக்கு அருகில் இருந்தும் மழை நாளில் வேகம் படுத்துவிடுவது நமக்குப் பழகிய விடயம். அதனால் பலரும் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைக் கைவசம் வைத்திருக்கிறார்கள். இதை ஆடம்பரம் என்று நீங்களே ஒதுக்கிவிடாதீர்கள். இணைப்பு அறுந்ததால் கூட்டத்தில் இல்லாமற் போனவரிடம் அலுவலகம் விளக்கம் கேட்கிறதென்றால், அறாமல் பார்த்துக்கொள்ளும் செலவும் அலுவலகத்தினுடையதே.

ரீலோட் விடயத்தில் ஒரு பழக்கத்தை இன்றே மாற்றிவிடுங்கள். சந்திக் கடையில் ஆயிரம் ரூபாவைக் கொடுத்து இலக்கத்தைச் சொன்னால் ரீலோட் வரும், பற்றுச்சீட்டு வராது. வங்கியின் செயலி வழியாகவோ வலையமைப்பு நிறுவனத்தின் செயலி வழியாகவோ கட்டினால் திகதியும் தொகையும் பதிவாகி நிற்கும். கடையில்தான் கட்ட முடியும் என்றால், உடனே வரும் குறுஞ்செய்தியை அழிக்காமல் படம் எடுத்து மாத வாரியாக ஒரு கோப்பில் போட்டுவையுங்கள்.

மின்வெட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2022 பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டதையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் நம் வேலையைக் குலைப்பது பெரும்பாலும் அவ்வளவு பெரிய நிகழ்வு அல்ல. பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை ஊர் மின்மாற்றியை நிறுத்திவைக்கும் ஒரு சாதாரணப் புதன்கிழமை போதும். மடிக்கணினியின் பற்றரி சில மணிநேரம் தாங்கும். ரவுட்டர் அந்த நொடியே அணைந்துவிடும். ஆகவே நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டிய பொருள் ரவுட்டருக்கென்றே கிடைக்கும் சிறிய யூபிஎஸ். இன்வேட்டரையும் பெரிய பற்றரியையும் விட அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பலனோ உடனே தெரியும். எங்கள் வீட்டில் அது வந்தபின் நடந்த முதல் மின்வெட்டில், சுவரோரம் ரவுட்டரின் பச்சை விளக்கு மட்டும் அணையாமல் நின்றதைப் பார்த்து அம்மா இருமுறை தொட்டுப் பார்த்தார்.

நாள் முழுவதும் மின்சாரம் இல்லாதபோது கிளிநொச்சி நகரத்துக்கோ வவுனியாவுக்கோ உறவினர் வீட்டுக்கோ போய் வேலை செய்ய நேர்ந்தால், அந்தப் பேருந்துச் செலவையும் திகதியோடு குறித்துவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடியும் மின்னலுமாக மழை பெய்யும் பின்னேரங்களில் ரவுட்டர் கருகிப்போவதும் இங்கே நடக்கும். மின்னல் நாளில் இணைப்பைக் கழற்றிவைப்பது நம் பொறுப்பு என்பதையும், அதை மீறிப் பழுதானால் புதியது வாங்கித்தருவது நிறுவனத்தின் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொண்டால் பிறகு மனக்கசப்பு வராது.

கதிரையும் மேசையும் அவசியம். பிளாஸ்ரிக் கதிரையில் எட்டு மணிநேரம் இருந்து இடுப்பு வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போன இளையவர்களை நான் அறிவேன். புதிய கதிரை வாங்க நிறுவனத்திடம் பணமில்லையென்றால், அலுவலகத்தில் உங்களுக்கென்று இருந்து இப்போது வெறுமையாகக் கிடக்கும் கதிரையை அனுப்பிவைக்கச் சொல்லுங்கள்.

எந்த வடிவில் வாங்குவது

பொருள்களை நிறுவனமே வாங்கித் தருவது நல்லது. இணையத்துக்குப் பற்றுச்சீட்டைக் காட்டி மீளப் பெறுவது நல்லது. மின்சாரத்துக்கு ஒருமுறை கணக்கிட்டு உடன்பட்ட மாதத்தொகை நல்லது. இது என் முடிவு. மின்பட்டியலை மாதாமாதம் அனுப்பி ஒவ்வொரு அலகுக்கும் வாதாடுவது இருபக்கத்தையும் களைப்படையச் செய்யும். ஆனால் அந்த மாதத்தொகையை மாற்றவே முடியாததாக எழுத விடாதீர்கள். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அனுமதியோடு மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. 2025 ஜனவரியில் 20 வீதம் இறங்கி, ஜூனில் மீண்டும் 15 வீதம் ஏறியது. ஆகவே "மின்கட்டணம் திருத்தப்படும் போதெல்லாம் இத்தொகையும் மீளக் கணக்கிடப்படும்" என்ற வாக்கியம் கடிதத்தில் இருக்க வேண்டும். இறங்கும்போது குறைத்துக்கொள்ளவும் நாம் உடன்பட வேண்டும்.

வரி விடயத்தில் கொடுப்பனவும் மீளளிப்பும் ஒன்றல்ல. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, தொழில்தருநரின் சார்பில் ஊழியர் செய்த செலவை அவர் மீளக் கொடுப்பது ஊழியரின் வருமானமாகக் கொள்ளப்படுவதில்லை; சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கும் கொடுப்பனவோ வருமானமாகும். 2025 ஏப்பிரல் 1 இலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா, அதாவது மாதம் 150,000 ரூபா வரையான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பதால், அதற்குள் சம்பளம் பெறுவோர் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அதற்கு மேற்பட்டோர், முடிந்தவரை பற்றுச்சீட்டோடு கூடிய மீளளிப்பாகவே கேட்பது சிறந்தது. மாதாமாதம் ஒரே தொகையாக வரும் கொடுப்பனவு ஊழியர் சேமலாப நிதிக்குரிய சம்பாத்தியத்தில் சேர்க்கப்படுமா என்பதையும் எழுத்தில் தெளிவுபடுத்தக் கேளுங்கள். சேர்த்தால் உங்கள் பக்கம் 8 வீதமும் தொழில்தருநர் பக்கம் 12 வீதமும் நிதிக்குப் போகும், கைக்கு வரும் தொகை அதற்கேற்பக் குறையும்.

பற்றுச்சீட்டு என்றதும் நம் பகுதியில் எழும் சிக்கல் பெயர். காணி இன்னும் பாட்டனார் பெயரில் இருக்கும், மீற்றர் அப்பா பெயரில் இருக்கும், சிம் அண்ணா பெயரில் இருக்கும். வாடகை வீடென்றால் பட்டியல் வீட்டுக்காரர் பெயரில் வரும். கொழும்பிலுள்ள கணக்குப் பிரிவு இதைப் பார்த்ததும் உங்களுடைய பட்டியல் அல்ல என்று திருப்பிவிடும். கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழையும், அந்த முகவரியிலேயே வசிப்பதாகவும் பட்டியலின் பெயர் இன்ன உறவினருடையது என்றும் நீங்கள் ஒப்பமிட்ட ஒரு பக்கக் கூற்றையும் முதல் மாதமே ஒருமுறை கொடுத்துவிடுங்கள். சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வது இன்னும் சுத்தமான வழி.

கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். வீட்டுக் கஷ்டத்தை எழுத வேண்டாம். நாம் இரந்து கேட்கவில்லை. சம்பள உயர்வும் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டமும் பேசப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் அனுப்பினால், பணம் ஒதுக்கியாயிற்று என்ற பதிலைத் தவிர்க்கலாம். பல நிறுவனங்களில் கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டியிருக்கும். முதலில் தமிழில் எழுதித் தெளிவாக்கிவிட்டு மொழிமாற்றுங்கள். என் இரண்டாவது கடிதத்தின் உடல் ஏறத்தாழ இப்படி இருந்தது:

"மனிதவளப் பிரிவு முகாமையாளர் அவர்களுக்கு. கடந்த ஆறு மாதங்களாக நிறுவனத்தின் ஏற்பாட்டின்படி நான் வீட்டிலிருந்து பணியாற்றி வருகிறேன். இக்காலத்தில் பணிக்கென்று மட்டும் ஏற்பட்ட செலவை அளந்து, கணக்கை இத்துடன் இணைத்துள்ளேன். மின்சாரம்: மாதம் ஏறத்தாழ …… அலகு, பணிக்கு முன்னும் பின்னும் வந்த பட்டியல்களின் வேறுபாடு …… ரூபா. குடும்பத்தினரின் பொதுப் பயன்பாடு இதிலிருந்து கழிக்கப்பட்டுள்ளது. இணையம்: பணிக்காக மாற்றிய பொதியின் மேலதிகக் கட்டணம் …… ரூபா. மின்தடையின்போது தொடர்பு அறாதிருக்க ரவுட்டருக்கான யூபிஎஸ் ஒன்றும் தேவைப்படுகிறது. அதை நிறுவனத்தின் சொத்தாகவே வாங்கித் தருமாறு வேண்டுகிறேன். இணையச் செலவைப் பற்றுச்சீட்டின் அடிப்படையிலும் மின்சாரச் செலவை உடன்பட்ட மாதத்தொகையாகவும் பெற விரும்புகிறேன். மின்கட்டணம் திருத்தப்படும்போது இத்தொகையும் மீளக் கணக்கிடப்பட வேண்டும். இதுபற்றிப் பேச உங்களுக்கு வசதியான நேரத்தை அறியத்தாருங்கள்."

பேசும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும்: வீட்டிலிருப்பதால் பேருந்துச் செலவும் கொழும்பில் அறை வாடகையும் உங்களுக்கு மிச்சம்தானே என்பார்கள். அது உண்மை, மறுக்காதீர்கள். ஆனால் வாடகையும் பயணமும் நம் சொந்தச் சம்பளத்திலிருந்து நம் வாழ்க்கைக்கு நாம் செய்த செலவு. மின்சாரமும் இணைப்பும் கதிரையும் வேலை நடப்பதற்கான கருவிகள். அவற்றை எப்போதும் நிறுவனமே கொடுத்து வந்தது. நீங்கள் அங்கே இல்லாததால் அதற்கு இடமும் மின்சாரமும் மிஞ்சியிருக்கின்றன. இதை அமைதியாகச் சொன்னால் போதும்.

முழுவதையும் மறுத்தால், ஒன்றையாவது கேட்டு வாங்குங்கள்; யூபிஎஸ் ஒன்று, அல்லது இணையச் செலவு மட்டும். மற்றதை மூன்று மாதம் கழித்து மீளப் பார்ப்பதாக ஒரு மின்னஞ்சலைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதே நிறுவனத்துக்கு முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இருந்து வேலை செய்பவர்கள் இருந்தால், ஆளுக்கொரு கடிதம் அனுப்பாமல் கணக்கை ஒன்றாக வைத்துப் பேசுங்கள். எழுத்தில் ஒத்துக்கொண்ட தொகையைப் பின்னர் கொடுக்காமல் விட்டால் மட்டுமே விடயம் வேறு; அப்போது நியமனக் கடிதத்தோடும் மின்னஞ்சலோடும் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம்.

ஊழியராக இல்லாமல் ஒப்பந்தத்துக்கு வேலை செய்வோருக்கு இந்த வழி பொருந்தாது. அவர்கள் செலவைத் தம் விலைக்குள்ளேயே வைக்க வேண்டும். மின்சாரம், இணையம், பொருள்களின் தேய்வு எல்லாம் சேர்ந்து மாதம் 6,000 ரூபா ஆகிறதென்றால், அதை 176 வேலை மணிநேரத்தால் வகுக்க மணிக்கு 34 ரூபா வரும். கேட்கும் மணிவிலையில் அதைச் சேருங்கள். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையின் வருமானத்துக்கும் 2025 ஏப்பிரலிலிருந்து 15 வீதம் வரை வரி வந்திருப்பதால், தொழிற்செலவாகக் காட்டுவதற்குரிய பற்றுச்சீட்டுகளை அவர்களும் சேர்த்துவைக்க வேண்டும்.

நிறுவனம் வாங்கித்தந்த பொருள்களுக்கு, வந்த திகதியும் தொடரிலக்கமும் போட்டு ஒரு பட்டியல் எழுதி இருபக்கமும் ஒப்பமிடுங்கள். வேலையை விடும் நாளில் அவை திரும்ப வேண்டுமா, தேய்மானம் கழித்த விலைக்கு உங்களிடமே விடப்படுமா, திருப்புவதென்றால் கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு கதிரையைப் பேருந்தில் ஏற்றி அனுப்பும் கூலியை யார் கொடுப்பது என்பதையும் அந்தப் பட்டியலின் அடியிலேயே எழுதிவையுங்கள். பொருள் அங்கே போய்ச் சேர்ந்ததும், பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுத்தில் வாங்கும்வரை உங்கள் பிரதியைத் தூக்கிப்போட வேண்டாம்.